எண்ணெய் வைப்பது குளிக்கும் முன்பா, பின்பா? தலைமுடிக்குத் தேங்காய் எண்ணெய்: தொடக்க விளக்கம்

தலைக்குக் குளித்து, முடி காய்ந்ததும் உள்ளங்கை நிறைய எண்ணெய் ஊற்றித் தேய்த்து, படிய வாரிப் பின்னுவது பல வீடுகளில் ஊறிப்போன வழக்கம். பள்ளிக்குப் போகும் பிள்ளையின் தலை மாலைவரை கலையாமல் இருக்கும். அந்த அளவில் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முடி உடையாமல் காக்க வேண்டும் என்பதற்காக எண்ணெய் வைப்பவர்கள் நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். எண்ணெய் தன் முக்கியமான வேலையைச் செய்வது முடி நனையும்போது. ஆகவே நனைவதற்கு முன்பே அது முடிக்குள் இருந்தாக வேண்டும். பழைய எண்ணெய்க் குளியலின் வரிசையும் இதுதான்: எண்ணெய் முன்னே, சீயக்காய் பின்னே.

ஏன் என்று புரிய, முடி என்ன பொருள் என்று முதலில் பார்த்துவிடலாம்.

நுனியின் வயது

தலைக்கு வெளியே தெரியும் முடிக்கு உயிர் கிடையாது. கெரட்டின் என்ற புரதத்தால் ஆன இழை அது. உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில், மயிர்க்காலில் இருக்கிறது. அதற்குச் சாப்பாடு ரத்தத்தின் வழியாகத்தான் போகிறது. எனவே "வேருக்கு ஊட்டம்" என்று பாட்டிலில் எழுதியிருப்பதை நம்பி உச்சந்தலையில் கால் கிண்ணம் எண்ணெயை ஊற்றுவதால் முடி கூடுதலாக வளராது.

முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்கிறது. ஒருவருக்கு 60 சென்டிமீட்டர் நீள முடி இருந்தால் அதன் நுனிக்கு வயது ஐந்து. ஐந்து ஆண்டு வெயில், சீப்பு, ரப்பர் பேண்ட், உப்புத் தண்ணீர், தலையணை உரசல் எல்லாவற்றையும் பார்த்த பகுதி அது. உச்சியை ஒட்டிய முடியோ போன மாதம் முளைத்தது. போதாததற்குத் தோலில் சுரக்கும் இயற்கை எண்ணெயும் அதற்குக் கிடைக்கிறது. தேவை இருப்பது நுனிக்கு, நாம் ஊற்றுவது உச்சிக்கு. தொடங்குபவர்கள் திருத்திக்கொள்ள வேண்டிய முதல் பழக்கம் இதுதான்.

முடியின் வெளிப்பக்கம் ஓடு வேய்ந்த கூரை மாதிரி. மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, வேரிலிருந்து நுனியை நோக்கிச் சரிந்து படுத்திருக்கும். உள்ளே இருக்கும் நார்ப்பகுதிதான் முடிக்கு வலு. ஓடுகள் உதிர்ந்தால் மழை உள்ளே இறங்குவதுபோல, செதில் தேய்ந்த முடியில் தண்ணீர் சுலபமாகப் புகும். நன்றாக நனைந்த முடி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் அளவுக்குத் தண்ணீரை உறிஞ்சும். குறுக்களவு 15 சதவீதம் வரை பருக்கும். பருக்கும்போது செதில்கள் தூக்கிக்கொள்கின்றன. அந்த நேரத்தில் துண்டால் அடித்துத் துவட்டினாலும் சீப்பால் இழுத்தாலும் செதில் பெயர்ந்து போகும். காய்ந்ததும் முடி மறுபடி சுருங்கும். வாரா வாரம் இப்படிப் பருத்துச் சுருங்கியே முடி நைந்துபோகிறது. தண்ணீர் முடிக்குத் தீங்கு செய்யும் என்பதை நம்பக் கொஞ்சம் கடினமாகத்தான் இருக்கும். ஆனால் ஈர முடி காய்ந்த முடியைவிட எளிதில் அறுந்துபோகும் என்பதைச் சீப்பு பிடித்த எவரும் அறிவார்கள்.

முடிக்குள் ஏற்கெனவே எண்ணெய் இருந்தால் தண்ணீர் புகும் அளவு குறைகிறது, பருப்பதும் குறைகிறது. எண்ணெயால் கிடைக்கும் பெரும்பயன் இதுதான்.

ஏன் தேங்காய் எண்ணெய்?

எல்லா எண்ணெயும் முடிக்குள் ஒரே மாதிரி போவதில்லை. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். இதன் சங்கிலி 12 கரி அணுக்கள் மட்டுமே கொண்டது, குட்டை, வளைவில்லாதது. முடியின் புரதத்தோடு ஒட்டும் தன்மையும் இதற்கு உண்டு. சூரியகாந்தி எண்ணெயில் அதிகம் இருக்கும் லினோலெயிக் அமிலம் 18 கரி அணுக்கள் நீளம், நடுவில் வளைவுகள். குறுகிய சந்துக்குள் மூங்கில் கழியை நுழைப்பதற்கும் வளைந்த மரக்கிளையை நுழைப்பதற்கும் உள்ள வேறுபாடு.

ஆர்த்தி ரேலே, ஆர்.பி. மோஹிலே இருவரும் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் முடியில் தடவி, கழுவிய பிறகு எவ்வளவு புரதம் கரைந்து போகிறது என்று அளந்தார்கள். சேதமில்லாத முடியிலும் சேதமான முடியிலும் புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். இருவரும் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். அதை நினைவில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். என்றாலும் மூலக்கூறின் வடிவத்தை வைத்துப் பார்த்தால் முடிவு வியப்பானதல்ல.

மற்ற எண்ணெய்களைப் பற்றி இரண்டு வரி. நல்லெண்ணெயில் ஒலெயிக், லினோலெயிக் அமிலங்களே பெரும்பங்கு. முடியின் மேல் நன்றாகப் படர்ந்து வழவழப்புத் தரும். மினரல் எண்ணெய் பெட்ரோலியத்திலிருந்து வருவது, உள்ளே போகாது, மேலே பளபளப்போடு நின்றுவிடும். சிக்கு எடுக்க உதவும், அவ்வளவுதான். விளக்கெண்ணெய் பற்றிக் கீழே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்த பாட்டில்?

சமையலறையில் இருக்கும் தேங்காய் எண்ணெயே போதும். கடையில் "சமையல் எண்ணெய்" என்று இருப்பதும் தலைக்கு வைக்கும் தூய தேங்காய் எண்ணெயும் ஒரே பொருள்தான். சின்ன பாட்டிலில் வருவதைச் சமையல் எண்ணெயாகக் கொள்வதா, கேச எண்ணெயாகக் கொள்வதா என்ற வரி வழக்கு பல ஆண்டுகள் நீண்டு, 2024 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. கேச எண்ணெய் என்று பெயரிட்டு விற்காத தூய தேங்காய் எண்ணெய், பாட்டில் சிறியதாக இருந்தாலும் சமையல் எண்ணெய்தான் என்பது தீர்ப்பு.

தேங்காய்ப் பாலிலிருந்து எடுப்பது, கொப்பரையைச் செக்கில் ஆட்டுவது, ஆலையில் சுத்திகரித்தது என மூன்று வகை கிடைக்கும். மணமும் விலையும் வேறுபடும். லாரிக் அமிலத்தின் பங்கு ஏறக்குறைய ஒன்றே. முடிக்கு என்றால் விலை உயர்ந்ததைத் தேட வேண்டியதில்லை. செக்கு எண்ணெய் வாங்குபவர்கள் கொப்பரை எப்படிக் காய்ந்தது என்று கேட்டு வாங்குங்கள். பூஞ்சை பிடிக்காமலும் வெள்ளையாகத் தெரியவும் கந்தகப் புகை போட்ட கொப்பரையும் சந்தையில் உண்டு. வெயிலில் மட்டும் காய்ந்த கொப்பரை அந்த அளவு வெளுப்பாக இருக்காது.

பாட்டிலின் பின்பக்கத்தில் மினரல் ஆயில், லிக்விட் பாரஃபின் என்று எழுதியிருந்தால் அது கலப்பு எண்ணெய். முன்பக்கம் தேங்காய்ப் படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம்: சிறிய கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வையுங்கள். தூய எண்ணெய் முழுதாக உறைந்து வெள்ளையாகும். மேலே தனியாக ஒரு படலம் உறையாமல் நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. இது தோராயமான சோதனைதான். பனைக்கொட்டை எண்ணெயும் இதே மாதிரி உறையும் என்பதால் அதன் கலப்பை இதில் பிடிக்க முடியாது.

சிக்கு வாடை அடிக்கும் எண்ணெயைத் தலையில் வைக்காதீர்கள். "தலைக்குத்தானே" என்று பழைய எண்ணெயை ஒதுக்கி வைப்பது பல வீடுகளில் நடக்கிறது. கெட்டுப்போன எண்ணெயில் உருவாகும் பொருட்கள் தோலை எரிச்சலூட்டும். வறுக்கப் பயன்படுத்தி மிஞ்சிய எண்ணெயும் அப்படியே.

அளவும் முறையும்

நாள் தேர்வு எளிது: தலைக்குக் குளிக்கும் நாளுக்கு முந்தைய இரவு, அல்லது அன்றே குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு. நேரம் கூடினால் உள்ளே போகும் எண்ணெயும் கூடும். அரை மணி நேரத்துக்குக் குறைவாக வைத்துக் கழுவினால் பெரும்பகுதி சாக்கடைக்குத்தான் போகும்.

5 மில்லி பிடிக்கும் தேக்கரண்டியால் அளந்து தொடங்குங்கள். கிராப்பு வெட்டிய தலைக்கு அரைக் கரண்டி. தோள்வரை முடிக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கரண்டி. இடுப்புவரை அடர்த்தியான முடிக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. மெல்லிய, பட்டுப்போன்ற முடி உள்ளவர்கள் இதில் பாதி. கண்ணளவில் ஊற்றினால் அனேகமாக இரண்டு மடங்கு ஊற்றிவிடுவோம், பிறகு அதைப் போக்க இரண்டு மடங்கு ஷாம்பு. முடியைக் காக்க வைத்த எண்ணெய்தான் கடைசியில் முடியை வறட்டும்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸில் உறையும். மார்கழியில் உறைந்திருந்தால் கிண்ணத்தில் எடுத்து, அந்தக் கிண்ணத்தை வெந்நீரில் இரண்டு நிமிடம் வையுங்கள். அடுப்பில் நேராகக் காய்ச்ச வேண்டாம். மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. சூடாக்கினால் எண்ணெய் இளகி எளிதாகப் படரும். அதைத் தாண்டி எந்த மாயமும் இல்லை.

முடி காய்ந்திருக்க வேண்டும். முதலில் அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கு எடுங்கள். சிக்கோடு எண்ணெய் வைத்தால் முடிச்சு இறுகிவிடும். வகிடு எடுத்து முடியை நான்காகப் பிரியுங்கள். எண்ணெயில் கால் பங்கை உள்ளங்கையில் விட்டு இரு கைகளிலும் பரப்பிக்கொண்டு, ஒரு பகுதியைக் காது மட்டத்திலிருந்து நுனிவரை உருவுங்கள். நுனியைத் தனியாக ஒரு முறை கசக்கி விடுங்கள். நான்கு பகுதியும் முடிந்த பிறகு விரல்களில் ஒட்டியிருப்பதை மட்டும் தலைத்தோலில் தேய்த்தால் போதும். தேய்ப்பது விரல் நுனிச் சதையால். நகத்தாலும் கூடாது, உள்ளங்கையால் வட்டம் போட்டுப் பரபரவென்று தேய்ப்பதும் கூடாது. பின்னதுதான் உச்சியில் கூடு கட்டியதுபோல் சிக்கு விழக் காரணம்.

ஒரு கற்றையை மெல்லிய காகிதத்தில் வைத்து அழுத்துங்கள். லேசான கறை தெரிந்தால் அளவு சரி. காகிதம் நனைந்தால் அடுத்த முறை அரைக் கரண்டி குறையுங்கள். பிறகு தளர்வாக ஒற்றைப் பின்னல் போட்டு, தலையணைமேல் பழைய பருத்தித் துண்டை விரித்துப் படுக்கலாம்.

வாரத்துக்கு எத்தனை முறை? தலைக்குக் குளிக்கும் ஒவ்வொரு முறைக்கும் முன்பாக. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி என்ற பழைய கணக்கு வாரத்துக்கு இரண்டு. பெரும்பாலோருக்கு இன்றும் அது பொருந்தும்.

கழுவுவது

"எண்ணெய் வைத்தால் பிசுக்கு போகவே மாட்டேன் என்கிறது" என்ற புகாருக்கு இரண்டே காரணங்கள்: எண்ணெய் அளவு, அல்லது ஷாம்புவைக் கெட்டியாக உச்சியில் கொட்டுவது. ஒரு குவளையில் அரை டம்ளர் தண்ணீர் எடுத்து, ஒன்று முதல் ஒன்றரைத் தேக்கரண்டி ஷாம்புவைக் கலந்துகொள்ளுங்கள். முடியை வெதுவெதுப்பான நீரில் முழுதும் நனைத்து, கலக்கியதில் பாதியைத் தலைத்தோலில் ஊற்றித் தேய்த்து அலசுங்கள். முதல் முறை நுரை வராது. ஷாம்பு எண்ணெயைப் பிடித்துக்கொள்வதில் செலவாகிறது. மீதியை ஊற்றும்போது நுரை வரும். நீள முடியைத் தனியாகக் கசக்க வேண்டாம், தலையிலிருந்து வழியும் நுரையே அதற்குப் போதும். மெல்லிய எண்ணெய்ப் படலம் நீளத்தில் மிஞ்சலாம், மிஞ்சட்டும். அதையும் சுரண்டி எடுத்துவிட்டால் செய்த வேலைக்குப் பொருளில்லை. கண்டிஷனர் போடுபவர்கள் காதுக்குக் கீழே மட்டும் போட்டு இரண்டு நிமிடம் விட்டு அலசலாம்.

சீயக்காய்க்கு நுரை தருவது சப்போனின். ஷாம்பு அளவுக்கு அது எண்ணெயை வெட்டாது, ஆகவே எண்ணெய் குறைவாக வைத்தவர்களுக்கே பொருந்தும். தூளை வடித்த கஞ்சியில் கரைத்துத் துணியில் வடிகட்டிக்கொண்டால் திப்பி முடியில் சிக்காது. திப்பியோடு தேய்ப்பது உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது போலத்தான். கண்ணில் பட்டால் எரியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அரப்பு இன்னும் மென்மையானது.

குளியல் சோப்பால் தலை கழுவாதீர்கள். சோப்பு காரம், செதில்களைத் தூக்கிவிடும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகி முடியில் படியும். எண்ணெய் போகவில்லை என்று பலர் நினைக்கும் மங்கலான பிசுபிசுப்பு உண்மையில் இந்தக் கசடுதான்.

அலசிய பிறகு பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். குளியலறைத் தரையில் வழிந்த எண்ணெயை உடனே கழுவிவிடுங்கள். அடுத்து வருபவர் பெரியவராக இருக்கலாம்.

எங்கே தவறுகிறது

பொடுகு உள்ளவர்கள் தலைத்தோலில் எண்ணெய் வைப்பதுதான் முதல் தவறு. பொடுகு வறட்சியால் வருவது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மலசீசியா என்ற ஈஸ்ட் எல்லோர் தலையிலும் வாழ்கிறது. கொழுப்புதான் அதன் உணவு. அது கொழுப்பைச் சிதைக்கும்போது வரும் ஒலெயிக் அமிலம் சிலரின் தோலை உறுத்திச் செதிலாக உரியச் செய்கிறது. எண்ணெய் வைத்தால் செதில் படிந்து, பொடுகு போனதுபோல் ஒரு நாள் தெரியும். மூன்றாம் நாள் கூடுதலாகக் கொட்டும். இவர்கள் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு போன்றதைத் தலைத்தோலில் 3 முதல் 5 நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். எண்ணெயைக் காதுக்குக் கீழே மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நெற்றி ஓரத்தில் வரிசையாகச் சின்னப் பருக்கள் வந்தால், எண்ணெய் வழிந்து தோலின் துளைகளை அடைக்கிறது என்று பொருள். முன்நெற்றி முடியை விட்டுவிட்டு வையுங்கள்; தலையணை உறையையும் மாற்றுங்கள்.

வைத்த பிறகு முடி விறைப்பாக, வைக்கோல்போல் ஆகிறது என்பவர்கள் இரவில் ஏசி எத்தனையில் ஓடுகிறது என்று பாருங்கள். 22 டிகிரியில் எண்ணெய் முடியின் மேலேயே உறைந்துவிடும். அவர்களுக்குப் பகலில் வைப்பதோ, நல்லெண்ணெய் கலந்து வைப்பதோ நல்லது.

எண்ணெய் வைத்த முடியில் ஸ்ட்ரெய்ட்னர் போடக் கூடாது. தகட்டின் வெப்பத்தில் எண்ணெயும் சூடேறி முடியைப் பொசுக்கும்.

விளக்கெண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் ரிசினோலெயிக் அமிலம். அதன் கெட்டித்தன்மை நமக்குத் தெரிந்ததே. நீள முடியில் தனியாக ஊற்றித் தலையைத் தேய்த்துக் கழுவியபோது முடி முழுவதும் ஒரே கட்டியாகத் திரண்டு, வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வைத்தே தீர வேண்டும் என்றால் நான்கு பங்கு தேங்காய் எண்ணெய்க்கு ஒரு பங்கு கலந்து, தேய்க்காமல் தடவுங்கள்.

செம்பருத்தி, கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சுபவர்கள் ஈரத்தைக் கவனிக்க வேண்டும். இலையில் ஈரம் மிஞ்சினால் எண்ணெய் சில வாரங்களில் பூசணம் பூக்கும். கழுவிய இலையை நிழலில் ஈரம் போக உலர்த்தி, சிறு தீயில் சடசடப்பு முழுதும் அடங்கும்வரை காய்ச்சி, ஆறியபின் வடிகட்டி, உலர்ந்த பாட்டிலில் ஊற்றுங்கள். நிறமும் மணமும் நன்றாக இருக்கும். நரை கறுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். புதிய கலவை எதுவானாலும் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பார்த்த பிறகே தலைக்கு.

பேனுக்கும் பொடுகுக்கும் எண்ணெயில் கற்பூரம் கரைத்து வைக்கும் வழக்கம் உண்டு. சிறு குழந்தைகளுக்கு அதைச் செய்யவே கூடாது. கற்பூரம் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். வாய்க்குள் போனால் சிறிய அளவே வலிப்பைக் கொண்டுவரும்.

சீப்பில் வரும் முடியைப் படிப்பது

எண்ணெய் தேய்க்கும்போது கையோடு முடி வருவதைப் பார்த்து நிறுத்திவிடுகிறவர்கள் பலர். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி எல்லோருக்கும் உதிரும். ஏற்கெனவே கழன்று நிற்கும் முடிகள் கை பட்டதும் மொத்தமாக வருகின்றன. எண்ணெய் அவற்றைப் பிடுங்கவில்லை.

நான்கு வாரம் இந்த முறையைச் செய்துவிட்டு, சீப்பில் வந்த முடிகளை வெள்ளைக் காகிதத்தில் பரப்பிப் பாருங்கள். ஒரு முனையில் கடுகைவிடச் சின்ன வெள்ளைக் குமிழ் தெரிந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. குமிழ் இல்லாத குட்டைத் துண்டுகள் நடுவில் உடைந்தவை. எண்ணெயால் குறைவது இரண்டாம் வகை. நான்கு வாரம் கழித்தும் உடைசல் குறையவில்லை என்றால், நுனி ஏற்கெனவே பிளந்திருக்கும். இரண்டு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுத் தொடருங்கள், பிளவை எந்த எண்ணெயும் ஒட்டாது. குமிழ் உள்ள முடிகள்தான் வழக்கத்தைவிட மிகுதி என்றால் காரணம் உடலுக்குள் இருக்கிறது: இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, இரண்டு மூன்று மாதம் முன்பு வந்த கடும் காய்ச்சல், பிரசவம். அதற்கு எண்ணெயை மாற்றிப் பயனில்லை, தோல் மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.